திரைக்குப் பின்னே ஓர் உதவியாளர்

திரைப்படம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் நடிகர், அடுத்தவர் இயக்குநர். அவர்கள் அருகே குறிப்பேட்டுடன் நிற்கும் உதவியாளரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சென்ற ஆண்டு எங்கள் துறை நாடகத்தில் அந்த இடத்தில் நின்றவள் நான். உரையாடலைப் படியெடுத்தேன், ஒத்திகையில் தொய்ந்த இரு காட்சிகளை மாற்றியும் எழுதினேன். அழைப்பிதழில் "உதவி" என்ற சொல்லுக்கு நேரே என் பெயர் இருந்தது. அந்த மனக்குறையோடு இருந்தபோதுதான் ஜோன் ஹாரிசனைப் பற்றிப் படித்தேன்.

இங்கிலாந்தில் 1907இல் பிறந்த இவர் ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றவர். 1933இல் ஒரு விளம்பரத்தைக் கண்டு, இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கிடம் செயலாளராகச் சேர்ந்தார். கடிதம் தட்டச்சு செய்வதைவிட, நூல்களைப் படித்துக் கதைச்சுருக்கம் எழுதுவதிலும் கதை விவாதத்திலுமே அவர் திறமை வெளிப்பட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1939இல் வெளிவந்த "ஜமைக்கா இன்" படத்தின் திரைக்கதையில் அவர் பெயர் இடம்பெற்றது. அவ்வாண்டே ஹிட்ச்காக் குடும்பத்தாருடன் அமெரிக்கா சென்றார். 1940இல் வெளியான "ரெபெக்கா"வை ராபர்ட் ஷெர்வுட்டுடனும், "ஃபாரின் கரெஸ்பாண்டன்ட்" படத்தைச் சார்லஸ் பென்னட்டுடனும் சேர்ந்து எழுதினார். இரு திரைக்கதைகளும் 1941ஆம் ஆண்டு ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டன, பரிசு கிட்டவில்லை.

இருவர் சேர்ந்து எழுதிய திரைக்கதையில் எந்த வரி யாருடையது என்று பார்ப்பவர் எப்படி அறிவார்? அதிலும் ஒருவர் இயக்குநரின் உதவியாளர் என்றால், சிறந்த வரிகளெல்லாம் மற்றவருடையவை என்றே உலகம் கருதும். இந்த ஐயத்துக்கு வாதாடி விடை சொல்ல முடியாது. ஹாரிசன் தம் அடுத்த பணியால் விடை சொன்னார். ஹிட்ச்காக்கிடமிருந்து விலகி, 1944இல் "ஃபேண்டம் லேடி" என்னும் படத்தைத் தயாரித்தார். கொலைப்பழி சுமந்த முதலாளியைக் காக்க, காணாமற்போன சாட்சியைத் தேடி அலையும் பெண்ணே அதன் நாயகி. அவள் ஒரு செயலாளர் என்பது எத்துணைப் பொருத்தம்!

1955இல் ஹிட்ச்காக் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியபோது ஹாரிசன் மீண்டும் அவரிடம் வந்தார். இம்முறை அவர் ஏற்றது தயாரிப்புப் பொறுப்பு. 1994இல் அவர் மறைந்தார்.

உதவியாளர் பணி இழிவானதன்று என்பதை இவர் வாழ்க்கை எனக்கு உணர்த்தியது. அது ஊதியத்துடன் கற்கும் கல்லூரி. ஆயினும் கற்று முடித்தவர் கல்லூரியை விட்டு வெளியேறத்தானே வேண்டும்? இவ்வாண்டு விழாவுக்கு ஓரங்க நாடகம் ஒன்றை நானே எழுதி வருகிறேன். படியெடுக்க வரும் தோழி அதில் ஒரு காட்சியைத் திருத்தினால், "எழுத்து" என்ற சொல்லுக்கு நேரே அவள் பெயரும் இருக்கும்.