ஓட்டுவது வேறு, வண்டி வைத்திருப்பது வேறு

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நான். கணினியில் எனக்குக் கிடைத்த முதல் லாரி, செக் நாட்டின் எஸ்சிஎஸ் நிறுவனம் 2008இல் வெளியிட்ட 'யூரோ ட்ரக் சிமுலேட்டர்'. லோடு ஏற்று, ஓட்டு, இறக்கு. அதிலேயே மாதக்கணக்கில் கிடந்தேன்.

2012இல் இரண்டாம் பாகம் வந்தது. ஸ்கானியா, மேன் என்று நிஜப் பெயர்களோடு லாரிகள். ஆனால் என்னைப் பிடித்துப்போட்டது வேறொன்று. அதில் டிரைவராகத் தொடங்கி ஓனராகிறோம். அடுத்தவர் வண்டியில் லோடு அடித்துச் சேர்த்த காசில் சொந்த வண்டி, பிறகு ஷெட், பிறகு சம்பளத்துக்கு டிரைவர்கள். சங்ககிரிப் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் நடந்து வந்த வழி. முதல் பாகம் ஓட்டக் கற்றுக்கொடுத்தது; இரண்டாவதுதான் ஒரு வாழ்க்கையை வாழச் சொன்னது.

ஆட்டத்தில் நான் அவசரப்பட்டு, எடுத்த எடுப்பிலேயே வங்கிக் கடனில் வண்டி வாங்கினேன். தவணை நாள்தோறும் போனது. இரண்டு இடத்தில் மோதியதில் ரிப்பேர் செலவு வாடகையைத் தின்றது. புதிதாக ஆடுபவர்களுக்குச் சொல்வேன்: முதல் பத்துப் பதினைந்து லோடு கூலிக்கே ஓட்டுங்கள். தொடங்கும் ஊர் இங்கிலாந்தில் இருக்கட்டும், நம்மைப் போல இடப்பக்கப் போக்குவரத்து. கை பழகியபின் டோவரில் கப்பலேறிப் பிரான்சின் கலே போகலாம்.

நிலை ஏற ஏறத் திறன் புள்ளிகள் கிடைக்கும். முதலில் நெடுந்தூரம் என்ற திறனில் போடுங்கள், அப்புறம் ஏடிஆர். அது வெடிபொருள், எரிவாயு, அமிலம் போன்ற ஆபத்தான சரக்குக்கான அனுமதி. கேஸ் டேங்கர் ஓட்டும் என் சித்தப்பா அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரும் தனிப் பயிற்சி எடுத்து, லைசென்ஸில் பதிந்து வாங்கிய பிறகே அந்த வண்டியில் ஏறினார். அந்த உழைப்புக்கு விளையாட்டிலும் ஒரு இடம் இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

ரிவர்ஸில்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ட்ரெய்லரின் வால் இடப்பக்கம் போக, ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும், அதுவும் கொஞ்சமாக. கடினமான இடத்தில் நிறுத்தினால் புள்ளி கூடும் என்று நான் முட்டிக்கொண்டிருந்தபோது சித்தப்பா தோளைத் தொட்டார்.

"ஒடிச்சு ஒடிச்சுப் பாக்காத கண்ணு. முன்னால எடுத்து நேராக்கிட்டு, மறுக்கா வா."