வாடகையில் கூரைக்கும் ஒரு பங்கு உண்டு



2024 டிசம்பரில் நம் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில், பழைய வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்து ஓர் இளைஞர் உயிரிழந்தார். அது அரசுக் கட்டடம். ஆனால் நாம் வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளும் இதே கடற்காற்றில்தான் நிற்கின்றன. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருவேறிய கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது.

நம்மில் பல குடும்பங்களுக்கு அத்தா விட்டுச்சென்ற வீட்டின் வாடகைதான் மாத வருமானம். வாடகை வந்த அன்றே அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று பங்கு பிரிந்துவிடுகிறது. தளம் ஒழுகும்போது நகை அடகுக்குப் போகிறது; இல்லையென்றால் வட்டிக் கடன்.

சொத்தைப் பிரிக்கும் முன் மய்யித்தின் கடனை அடைக்க வேண்டும் என்பது நாம் அறிந்த சட்டம். வக்ஃபு வருமானத்தில் முதலில் கட்டடப் பராமரிப்பு, பிறகே பயனாளிகள் என்பது ஹனஃபி சட்ட நூல்கள் சொல்லும் முறை. இதே ஒழுங்கை நம் வீட்டு வாடகையிலும் கடைப்பிடிக்கலாம்.

எவ்வளவு ஒதுக்குவது? மாத வாடகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

1. மொட்டை மாடியில் தட்டோடு மாற்ற மேஸ்திரி 1,20,000 ரூபாய் கேட்கிறார். 10 ஆண்டு தாங்கும் என்றால் மாதம் 1,000. ஆனால் 6 ஆண்டு ஒன்றும் சேர்க்காமல் ஓடிவிட்டது. மீதி 48 மாதம்தான். ஆகவே மாதம் 2,500.
2. இப்போது அடித்த வண்ணம் 5 ஆண்டு வரும், செலவு 60,000. மாதம் 1,000.
3. குழாய், மோட்டார், வயரிங்குக்கு 15 ஆண்டில் 90,000. மாதம் 500.

மொத்தம் 4,000, வாடகையில் ஐந்தில் ஒரு பங்கு. தளவேலை முடிந்தபின் இது 2,500 ஆகக் குறையும். விலைவாசி ஏறுவதால் ஆண்டுக்கு ஒருமுறை மேஸ்திரியிடம் கேட்டுக் கணக்கைத் திருத்துங்கள்.

2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய், வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச் போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. வருமான வரிக் கணக்கிலும், வீட்டு வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழித்துக்கொள்ள அனுமதி உண்டு. அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளும் நாம், பணத்தை வீட்டுக்காக ஒதுக்குகிறோமா?

இந்தத் தொகையைப் பங்கு பிரிக்கும் முன்பே தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி எல்லாப் பங்குதாரர்களுக்கும் காட்டுங்கள். சந்தேகத்துக்கு இடம் இருக்காது.

ஐப்பசி மழைக்கு முன் மாடி ஏறிப் பாருங்கள். தண்ணீர் தேங்கிய தடம், அடைத்த மழைநீர்க் குழாய், கைப்பிடிச் சுவரில் விரிசல், உள்ளே கூரையில் பழுப்புக் கோடு, தட்டினால் பொள்ளலான ஓசை — இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பொறியாளரை அழையுங்கள்.

வாடகை நம் உரிமை. அந்தக் கூரையின் கீழ் உறங்குபவர்களின் உயிர் நம்மிடம் உள்ள அமானிதம்.