சுற்றுவதைக் காட்டு, மகளே



உன் அப்பா அனுப்பிய உன் பம்பரக் காணொளியை நேற்று ராத்திரி திரும்பத் திரும்பப் பார்த்தேன். தரையில் சுற்றும் பம்பரத்தைச் சாட்டையால் வளைத்துத் தூக்குவதே லேசுப்பட்ட காரியமில்லை. சென்னைப் பக்கத்துப் பிள்ளைகள் அதை அபீட் என்பார்கள். நீயோ தரைக்கே விடாமல், வீசிய வேகத்தில் சுண்டி இழுத்து உள்ளங்கையில் வாங்கிவிடுகிறாய். தஞ்சோங் ரம்புத்தானில் இதைச் செய்ய இன்னும் ஒரு கை இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனால் காணொளி தொடங்கும்போதே உன் கை ஓங்கி நிற்கிறது. சாட்டையைச் சுற்றிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டாய். பார்க்கிறவர்களுக்குச் சலிப்புத் தட்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னால் சொல்லட்டும், நீ எப்படியம்மா கேட்டாய்? அந்த வித்தை முழுவதும் அங்கேதானே இருக்கிறது!

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். ஆணியை ஒட்டி முதலில் போடும் சுற்றுதான் கடைசியாக அவிழும். பம்பரம் கையை விட்டுப் போய், சாட்டையின் நீளமெல்லாம் தீர்ந்து, அந்த அடிச்சுற்று அவிழும் நேரத்தில்தான் நீ சுண்டுகிறாய். பம்பரத்தைத் திருப்பிக் கொண்டுவருவது அந்த ஒன்றிரண்டு சுற்றுதான். அது தளர்வாக இருந்தால் சாட்டை வெறுமனே நழுவி வரும், பம்பரம் அடுத்த வீட்டுக் கூரைக்குப் போகும். ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் சிக்கிக்கொண்டு நேரே நெற்றிக்கு வரும். அகன்ற வயிற்றில் ஒரு முழம் சாட்டை அவிழ்ந்தால் பம்பரம் சில சுற்றுதான் சுற்றும். குறுகலான அடியில் அதே ஒரு முழம் பல சுற்று சுற்றவைக்கும். அதனால்தான் கடைசி நொடியில் வேகம் ஏறுகிறது, கையில் வந்த பிறகும் பம்பரம் தள்ளாடாமல் நிற்கிறது. சாட்டை நுனியை எச்சில் தொட்டு நனைக்கிறோமே, அதுவும் அந்த முதல் சுற்று வழுக்காமல் பிடிப்பதற்காகத்தான். நீ வைத்திருப்பது நைலான் கயிறு. அது எச்சிலுக்கும் மசியாது, தண்ணீருக்கும் மசியாது. பருத்திக் கயிற்றுக்கு மாறு.

இன்னொன்று, நீ இடக்கைக்காரி. வலக்கைக்காரன் சுற்றும் பக்கமே சுற்றுகிறாயா, எதிர்ப்பக்கமா? அதைப் பார்க்கத்தான் நான் துடித்தேன். வலக்கைக்காரர்களிடம் படித்த இடக்கைப் பிள்ளைகள் பக்கம் மாற்றிச் சுற்ற வேண்டும் என்று தெரியாமலே, தங்களுக்குப் பம்பரம் வராது என்று விட்டுவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். சுற்றுவதை நீ காட்டியிருந்தால் எங்கோ ஒரு பிள்ளைக்கு அது போதும்.

நான் பிறந்த தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், பிறகு அதையும் அழித்து வீடு கட்டினார்கள். அங்கே எங்கள் லயத்தில் பால்மரம் வெட்டும் பெரியவர் ஒருவர் இருந்தார். மத்தியானம் பால் நிறுத்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்தாரானால் கையில் கொய்யாக் கட்டை இருக்கும். பச்சைக் கட்டை வெடிக்கும் என்று நிழலில் போட்டுக் காயவைத்துத்தான் செதுக்குவார். சண்டைப் பம்பரத்துக்கு ஆணியைக் கூராக விடுவார். கையில் ஏந்தும் பம்பரத்துக்குக் கல்லில் தேய்த்து முனையை உருட்டுவார். உருண்ட முனை உள்ளங்கையைக் குத்தாது, சாய்ந்த பம்பரத்தையும் மெல்ல நிமிர்த்திவிடும். அவரிடம் போனால் முதலில் வீச விடமாட்டார். சுற்று, அவிழ், மறுபடி சுற்று. சாயங்காலம் முழுக்க அதுதான். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரே ஒரு தடவை வீசச் சொல்வார். எங்கள் அக்கா தங்கைகள் பக்கத்தில் நின்று பார்த்தார்களே தவிர, அவர்கள் கையில் யாரும் சாட்டையைக் கொடுக்கவில்லை. அந்தப் பெரியவரும் கொடுக்கவில்லை. உன்னைப் பார்த்தபோது அந்த நினைப்புத்தான் முதலில் வந்தது.

கிளந்தானில் காசிங் என்ற பெரிய பம்பரம் சுற்றுகிறவர்களைப் போய்ப் பார். ஐந்து கிலோ வரை எடை, தட்டு மாதிரி அகலம், விளிம்பில் ஈய வளையம். வீசியதும் மெல்லிய பலகையால் அள்ளி, சின்னக் கம்பத்தின் மேல் வைத்துவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று சுற்றும். 1989இல் வந்த மலேசிய ஐந்து காசில் அச்சடித்திருந்தது அந்தக் காசிங்கைத்தான். அவ்வளவு பெரிய வித்தைக்காரர்கள், கயிற்றைச் சுற்றும்போது துளி அவசரப்படமாட்டார்கள். சுற்றி இருக்கிற கூட்டமும் பேசாமல் காத்திருக்கும். கயிறு இறுகுவதைப் பார்ப்பதும் அவர்களுக்கு ஆட்டம்தான்.

அடுத்து, காணொளியில் ஓடும் அந்தப் பாட்டு. எந்தப் படத்துப் பாட்டோ, அதை ஏன் மேலே போட்டாய்? பம்பரம் பேசுமே! சாட்டை அவிழும்போது ஒரு சீறல், கையில் இறங்கியதும் ஒரு ரீங்காரம். ஆணி கோணலாக இறங்கியிருந்தால் அந்த ரீங்காரம் கரகரக்கும். கண்ணுக்குத் தெரியும் முன்பே காது சொல்லிவிடும். உன் பம்பரம் எப்படிப் பேசியது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

திட்டிக்கொண்டே போகிறேன். உன் கையைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் அநியாயம். பம்பரம் வந்து தொடுகிற நேரத்தில் உன் உள்ளங்கை அதோடு சேர்ந்து ஒரு சாண் கீழே இறங்குகிறது. தூங்கும் பிள்ளையை மடியில் வாங்குவது போல வாங்குகிறாய். பம்பரம் துள்ளவே இல்லை. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், உன் விரல் ஒன்றுகூட மடங்கவில்லை. எங்கள் தோட்டத்தில் பேர் வாங்கிய பையன்கள் எல்லாரும் கையை விறைப்பாக நீட்டி, வலியைப் பொறுத்துக்கொண்டு வாங்கியவர்கள்தான். இப்படி இறங்கிக் கொடுத்து வாங்கியவரை நான் பார்த்ததில்லை. அந்தப் பெரியவர்கூட இப்படிச் செய்ததில்லை. இதை உனக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் வீட்டுக்கு வா. காய்ந்த கொய்யாக் கட்டை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். பருத்திக் கயிறும் இருக்கிறது. ஆணி மட்டும் நீ வாங்கி வா. தலையை வெட்டாமல் கொண்டு வா, அடித்து இறக்கிய பிறகு வெட்டித் தேய்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் பெரியப்பா