வெந்நீர்க் கலப்பு வால்வு: பராமரிப்பும் பழுது நீக்கமும்

திருவனந்தபுரம் நகருக்குக் குழாய் நீர் வழங்கும் பணி 1933-இல் வில்லிங்டன் பிரபுவின் பெயர் தாங்கிய திட்டத்தால் தொடங்கப் பெற்றது. அருவிக்கரையில் தேக்கப்படும் கரமனை ஆற்று நீரே அதற்கு ஆதாரம். வீட்டுக்குள் குழாய் நீர் வருவதே அன்று பெரும் வசதி. இன்றோ கிழக்கேகோட்டையில் பத்மநாபசுவாமி கோயிலுக்கு வரும் யாத்திரிகர் தங்கும் விடுதிகளிலும், மருத்துவமனைகளிலும், முதியோர் இல்லங்களிலும் வெந்நீரும் அடிப்படைத் தேவையாகிவிட்டது. இவ்வசதியோடு ஓர் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது.

இரு தேவைகள்

தேக்கி வைக்கும் வெந்நீர் 60 டிகிரி செல்சியஸ் அளவில் இருத்தல் நலம். 20 முதல் 45 டிகிரி வரையான வெதுவெதுப்பில் லெஜியோனெல்லா என்னும் நோய்க்கிருமி பெருகும். 1976-இல் பிலடெல்பியாவில் பரவிய நுரையீரல் நோயை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்ட கிருமி இது. ஆனால் 60 டிகிரி நீர் சில விநாடிகளிலேயே தோலை ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தைகள், முதியோர் ஆகியோரின் தோல் மெல்லியதாகையால் கேடு இன்னும் மிகுதி. நல்ல வெயில் நாளில் சூரிய வெந்நீர்த் தொட்டியின் வெப்பம் 60 டிகிரியையும் தாண்டும்.

எனவே, தேக்குவது சூடாகவும் குளிப்பது ஏறத்தாழ 40 டிகிரியாகவும் அமைய வேண்டும். இதனைச் செய்வதே கலப்பு வால்வு. அதனுள் மெழுகு அடைத்த ஒரு சிறு குப்பி உண்டு. மோட்டார் வாகன ரேடியேட்டரின் தெர்மோஸ்டாட்டும் இத்தகையதே. கலந்த நீர் அளவுக்கு மீறிச் சூடானால் மெழுகு விரிந்து, உந்துதண்டைத் தள்ளி, வெந்நீர் வழியைக் குறுக்கும். குளிர்ந்தால் சுருங்கி அதனைத் திறக்கும்.

பராமரிப்பு

ஆறு மாதத்திற்கு ஒருமுறையேனும் குழாய் முனையில் வெப்பமானி வைத்து அளந்து, பதிவேட்டில் குறித்தல் வேண்டும். பின்னர்த் தண்ணீர் வழியை மட்டும் மூடிப் பார்க்க வேண்டும். நல்ல வால்வாயின் சில விநாடிகளில் வெந்நீரும் ஏறக்குறைய நின்றுவிடும். நில்லாமல் கொதிநீர் வருமாயின் அவ்வால்வை அன்றே பயன்பாட்டிலிருந்து நீக்குக. ஆண்டுக்கு ஒருமுறை இருபுற வடிகட்டிகளையும் கழற்றிக் கழுவுதல் வேண்டும்.

இடத்திற்கேற்ப இடையூறும் மாறும். கேரளத்தின் வெட்டுக்கல் நிலத்துக் கிணற்று நீர் பொதுவாக மென்னீர். சற்று அமிலத் தன்மையும் உடையது. அங்கே இரும்புக் குழாயின் துருவும் மணலும் வடிகட்டியை அடைக்கும். தமிழகத்தின் பல ஊர்களில் ஆழ்குழாய் நீர் கடினநீர். அங்கே சுண்ணப் படிவு உந்துதண்டை இறுக்கிவிடும். உட்பாகத்தை வினிகரில் ஊறவைத்தால் படிவு கரையும்.

பழுதும் காரணமும்

வெந்நீர் போதிய சூடின்றி வந்தால், முதலில் வெந்நீர்ப்புற வடிகட்டியைப் பார்க்க. சூடு ஏறியிறங்கினால் இருபுற அழுத்தமும் சமமில்லை என்று கொள்ளலாம். தண்ணீர் தெருக்குழாயிலிருந்தும் வெந்நீர் மேல்நிலைத் தொட்டியிலிருந்தும் வருவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். இரண்டையும் ஒரே தொட்டியிலிருந்து எடுப்பதே தீர்வு. தண்ணீர்க் குழாயில் சூடு தட்டினால், ஒருவழி வால்வு பழுதுற்று நீர் எதிர்த்திசையில் பாய்கிறது. திருகியும் வெப்பம் மாறாவிடில் படிவு இறுகியிருக்கலாம், அல்லது மெழுகுக் குப்பி தேய்ந்திருக்கலாம். பின்னதாயின் உட்பாகத்தை மாற்றுவதே வழி.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தொட்டி நீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிட்டும். மாடியிலுள்ள தொட்டிக்குச் சற்றுக் கீழேயே குளியலறை இருப்பின், குறைந்த அழுத்தத்தில் இயங்கும் வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

செலவும் பயனும்

பொது நிறுவனங்களில் கருவி வாங்க நிதி ஒதுக்குவது எளிது. அதனைப் பேண ஒதுக்குவதே அரிது. பேணாத காப்புக்கருவி, இல்லாத கருவியினும் தீது. அது இருக்கிறது என்ற நம்பிக்கையில் குளியலறை உதவியாளர் கையால் தொட்டுப் பார்ப்பதையும் விட்டுவிடுவார். ஆகவே ஒரு வெப்பமானி, ஒரு பதிவேடு, பொறுப்பேற்கும் ஒரு பணியாளர் ஆகிய மூன்றையும் வால்வின் விலையோடு சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும். அப்போதுதான் அம்முதலீடு முழுப் பயன் தரும்.