கையெழுத்தின் விலை

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஒரு குறுகலான தெரு. அங்கே ஓர் அம்மா பூ விற்றுப் பிழைக்கிறார். சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் வீட்டுக்கு மேலே ஓர் அறை கட்டினார். அதை வாடகைக்கு விட வேண்டும். அதற்குத் தனி மீட்டர் வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தம்பி வந்தான். அவன் ஐந்து வருடமாக வயரிங் வேலைக்கு உதவியாளாகப் போகிறவன்.

"வெளி ஆள் எதுக்கு அக்கா? நானே செஞ்சு தர்றேன். சாமானுக்கு 14,000, கூலி 6,000. அவ்வளவுதான்."

சொன்னபடியே வேலையை முடித்தான். சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மீட்டருக்கு மனுக் கொடுக்க மின்சார அலுவலகம் போனார்கள். அங்கே, "உரிமம் பெற்ற காண்டிராக்டரின் அறிக்கை எங்கே?" என்று கேட்டார்கள்.

தம்பி வெளியே வந்து மெதுவாகச் சொன்னான். "கவலைப்படாதீங்க அக்கா. 3,000 ரூபாய் கொடுத்தா கையெழுத்துப் போட்டுத் தர ஆள் இருக்கு. வீட்டுக்கு வந்துகூடப் பார்க்க மாட்டாங்க."

அம்மாவின் மகள் கன்னடப் பள்ளியில் படித்தவள். அறிக்கைத் தாளை வாங்கிப் படித்தாள்.

"அம்மா, வயரிங்கைச் சோதிச்சோம், எர்த்தைச் சோதிச்சோம்னு இதில எழுதணுமாம். யாருமே வந்து பார்க்கலையே! பார்க்காமலே எப்படிக் கையெழுத்துப் போடுவாங்க?"

அம்மா யோசித்தார். "காசு கொடுத்துப் பொய்யை வாங்கறதா? வேண்டாம் தம்பி" என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது 1905ஆம் ஆண்டில். சிவசமுத்திரம் அருவியில் 1902இல் மின் நிலையம் தொடங்கியது. முதலில் அந்த மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் போனது. பிறகு பெங்களூர்த் தெருவுக்கு வந்தது. இன்று நகரத்துக்கு மின்சாரம் வழங்குவது பெஸ்காம். அது 2002இல் ஏற்பட்டது.

மின்சார வேலையை யார் செய்யலாம் என்பதற்கு நாடு முழுவதும் விதி உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இது இருந்தது. பின்னர் மத்திய மின்சார ஆணையம் 2010இலும் 2023இலும் புதிய விதிமுறைகளை வெளியிட்டது. அவற்றின்படி மூன்று பேர் வேண்டும்.

1. காண்டிராக்டர்: மாநில அரசின் உரிமம் பெற்றவர். வேலைக்குப் பொறுப்பு இவருடையது.
2. மேற்பார்வையாளர்: தகுதிச் சான்று பெற்றவர். நேரில் நின்று வேலையைக் கவனிப்பவர்.
3. வயர்மேன்: பெர்மிட் பெற்றவர். கையால் வேலை செய்பவர்.

பல்பு மாற்றுவது, பழைய சுவிட்சை எடுத்துவிட்டு அதே அளவில் புதிது போடுவது போன்ற சின்ன வேலைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. புதிய வயரிங் போடவும், இருப்பதைக் கூட்டவும் மாற்றவும் இந்த விதி பொருந்தும்.

கர்நாடகத்தில் இந்த உரிமங்களை மாநில அரசின் மின் ஆய்வுத் துறை கவனிக்கிறது. உரிமத்துக்குக் காலக்கெடு உண்டு. கெடு முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் சான்று பெற்று வந்தவர், அது இங்கே செல்லுமா என்று அந்தத் துறையில் கேட்டுத் தெளிய வேண்டும்.

சோதனையில் தெரிந்தது

அம்மா உரிமம் உள்ள ஒரு காண்டிராக்டரைத் தேடிப் போனார். உரிமத்தைக் காட்டச் சொன்னார். மகள் அதில் இருந்த எண்ணையும் கடைசித் தேதியையும் படித்தாள். பணம் எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்கினார்கள். சோதனைக்கும் அறிக்கைக்கும் 4,000 ரூபாய்.

மேற்பார்வையாளர் வந்தார். மெக்கர் என்னும் கருவியால் கம்பிகளைச் சோதித்தார். பிறகு குளியலறையில் கீசருக்கான பிளக்கைக் கழற்றினார். சிவப்புக் கம்பி இருந்தது. கறுப்புக் கம்பி இருந்தது. பச்சைக் கம்பி இல்லை.

பச்சைக் கம்பிதான் எர்த்து. கீசருக்குள் மின்சாரம் கசிந்தால் அதன் இரும்பு உடம்பு முழுவதும் மின்சாரம் ஏறும். எர்த்து இருந்தால் அது பூமிக்குப் போய்விடும். அப்போது பியூஸ் போகும், அல்லது காப்புக் கருவி இணைப்பைத் துண்டிக்கும். எர்த்து இல்லாவிட்டால், ஈரக் கையோடு தொடுகிறவரின் உடம்பு வழியாகவே மின்சாரம் பூமிக்குப் போகும். 230 வோல்ட்டு உயிரை எடுக்கப் போதும்.

தம்பியின் முகம் சுண்டிப்போனது. "உங்களுக்குச் செலவு குறையட்டும்னுதான் அந்தக் கம்பியை விட்டேன் அக்கா. லைட்டு எரியுதே, போதும்னு நினைச்சேன்."

"நல்ல மனசுதான் தம்பி. ஆனா குடியிருக்க வர்றது யார் பெத்த பிள்ளையோ!" என்றார் அம்மா.

எர்த்துக் கம்பி போட்டார்கள். கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் பொருத்தினார்கள். அதற்கு மேலும் 2,500 ரூபாய் ஆனது. மறுபடியும் சோதித்த பிறகே மேற்பார்வையாளர் எழுதினார், காண்டிராக்டர் கையெழுத்துப் போட்டார்.

காண்டிராக்டர் தம்பியைப் பார்த்து, "வேலை சுத்தமாத்தான் செஞ்சிருக்கே. பெர்மிட்டுக்கு என்ன வேணும்னு மின் ஆய்வுத் துறையில கேளு. பெர்மிட் வந்ததும் என்கிட்டே வா" என்றார். மறுநாள் காலையிலேயே தம்பி கிளம்பினான்.

நினைவில் வைக்க வேண்டியவை

• பெஸ்காமுக்குக் கட்டும் பணம் வேறு, காண்டிராக்டருக்குக் கொடுக்கும் பணம் வேறு. இரண்டுக்கும் தனித்தனி ரசீது வாங்க வேண்டும்.
• சாமான், கூலி, சோதனை ஆகியவற்றின் செலவைத் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும்.
• கட்டட நிறைவுச் சான்று இருந்தால்தான் மின் இணைப்பு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் கூறியது. தங்கள் வீட்டுக்கு என்ன தேவை என்று கட்டத் தொடங்கும் முன்பே பெஸ்காமில் கேட்பது நல்லது.
• மின்சாரப் புகாருக்கு 1912 என்ற எண்ணில் பேசலாம்.

கணக்குப் போடுங்கள்

இந்தக் கதையில் வரும் தொகைகள் கணக்குப் பழகுவதற்காக.

1. கையெழுத்தை விலைக்கு வாங்கியிருந்தால்:
14,000 + 6,000 + 3,000 = ?
2. அம்மா உண்மையில் செய்த செலவு:
14,000 + 6,000 + 4,000 + 2,500 = ?
3. இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு?

பேசிப் பாருங்கள்

1. விளக்கு எரிந்தால் வயரிங் சரி என்று சொல்ல முடியுமா?
2. தம்பி செய்த தவறு எது? கையெழுத்தை விற்பவர் செய்யும் தவறு எது? எது பெரியது?
3. உங்கள் வீட்டுப் பிளக்கில் பச்சைக் கம்பி இருக்கிறதா? நீங்களே கழற்றாதீர்கள். பெர்மிட் உள்ளவரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.