ஏழைப் பெற்றோரும் பள்ளித் தலைமையும்

"ஏழை மக்கள் தம் பிள்ளைகளின் கல்வியிற் கருத்தில்லாதவர்" என்னும் கூற்று ஆசிரியர் பலர் வாயிலும் எளிதில் வருவதொன்று. கூட்டத்திற்கு அழைத்தால் வருவதில்லை. மதிப்பெண் அறிக்கையில் கைந்நாட்டு வைப்பதோடு கடமை முடிந்ததென்று இருக்கின்றனர் என்பதே அவர் காட்டும் சான்று. இக்கூற்று உண்மைதானா என்பதையும், அன்றாயின் பள்ளித் தலைவர் செய்யத்தக்கது யாது என்பதையும் ஈண்டு ஒருசிறிது ஆராய்வோம். நம் கலாசாலை மாணவருட் பலர் நாளை ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் அமரப்போகின்றவராதலின், இஃது அவர்க்குப் பயன்படுமென நம்புகின்றோம்.

1. வாராமையின் காரணம்

நாட்கூலியால் வாழ்வார்க்குப் பகற்பொழுதிற் கூடும் பள்ளிக் கூட்டம் ஒருநாள் உணவின் விலையாகும். அன்றியும், பள்ளியிற் பயிலாதவர்க்கும் பயின்று இடையில் நின்றவர்க்கும் அதன் வாயிலே அச்சந் தருவது. பிள்ளை குற்றஞ் செய்த நாளில் மட்டுமே அழைப்பு வருமாயின், அழைப்பென்பது பழிக்கு மறுபெயராகிவிடுகின்றது. ஆகவே பெற்றோர் வாராமைக்குப் பெரும்பாலும் காரணம் அன்பின்மையன்று; கூலியிழப்பும் கூச்சமும் அச்சமுமேயாம்.

2. நியூ ஹேவன் நகரத்து முயற்சி

இவ்வுண்மையை நன்குணர்ந்து செயலிற் காட்டியவருள் ஒருவர் ஜேம்ஸ் கோமர் என்னும் அமெரிக்க உளமருத்துவர். 1934-ஆம் ஆண்டிற் பிறந்த இவர் கறுப்பின மக்களைச் சேர்ந்தவர். தந்தையார் எஃகு ஆலைத் தொழிலாளி. தாயார் பிறர் வீடுகளிற் பணிசெய்தவர், பள்ளிக் கல்வி மிகச் சிறிதே பெற்றவர். எனினும் அத்தாயார் தம் மக்கள் ஐவரையும் உயர்கல்வி பெறச் செய்தார். தம்மொடு தொடக்கப் பள்ளியிற் பயின்ற தோழர் சிலர் தமக்கு நிகரான அறிவுடையராயிருந்தும் வாழ்விற் சீரழிந்தமையைக் கோமர் கண்டார். அறிவிற் குறைவில்லையாயின் வேற்றுமை எங்ஙனம் வந்தது என்னும் வினாவே அவரைப் பள்ளிகளின்பாற் செலுத்தியது.

1968-ஆம் ஆண்டில், கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில், யேல் சர்வகலாசாலையைச் சார்ந்த கோமர் குழுவினர் இரண்டு தொடக்கப் பள்ளிகளிற் பணி தொடங்கினர். மாணவர் ஏறக்குறைய அனைவரும் கறுப்பினத்தவர், பெரும்பாலோர் வறியவர். நகரத்துத் தொடக்கப் பள்ளிகள் 33-இல் இவை கல்வித் தேர்ச்சியிற் கடைசியில் நின்றன. முதலாண்டிற் குழப்பமே மிகுந்தது, பெற்றோர் சினந்தெழுந்தனர். சில ஆண்டுகளில் ஒரு பள்ளி நீங்கி, அதனிடத்தில் வேறொன்று சேர்ந்தது. எனினும் முயற்சி கைவிடப்படவில்லை. 1980-களில் அத்திட்டப் பள்ளிகள் நகரின் முன்வரிசைப் பள்ளிகளோடு ஒருங்கு எண்ணப்பட்டன. இதனிடையே மாணவர் குடும்பங்களின் வறுமை மாறிற்றில்லை. பள்ளியின் ஒழுகலாறே மாறிற்று என்பது கருதத்தக்கது.

3. மூன்று விதிகள்

ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரின் கீழ், ஆசிரியரும், பெற்றோர் தேர்ந்தெடுத்த பெற்றோரும், பிற பணியாளரும் கூடிய ஆட்சிக்குழு ஒன்று அமைந்தது. அது மூன்று விதிகளைக் கைக்கொண்டது. முதலாவது, எக்குறைக்கும் ஒருவரையொருவர் பழியாமல், தீர்வையே நாடுதல். இரண்டாவது, வாக்கெடுத்து ஒருசாராரைத் தோல்வியுறச் செய்யாமல், பேசி இசைந்து முடிவு செய்தல். மூன்றாவது, குழு தலைவரின் கையைக் கட்டாமலும், தலைவர் குழுவை வெறும் ஒப்பக் கருவியாக்காமலும் இருபாலும் ஒத்துழைத்தல். இவற்றுள் முதல் விதியே ஏனையவற்றின் வேர். பழிக்கப்படுவோம் என்னும் அச்சம் நீங்கிய இடத்திலேதான் கல்லாத தாயும் வாய்திறந்து பேசுவாள்.

4. மூவகைப் பங்கு

எல்லாப் பெற்றோரையும் ஒரே பணிக்கு அழைத்தல் பிழை என்பதும் ஆங்குக் காணப்பட்டது. பெரும்பாலோர் விழாவிற்கும் விருந்திற்கும் வந்து மகிழ்ந்து பழகினர். சிலர் வகுப்பறையில் ஆசிரியர்க்குத் துணைநின்றனர். அவருட் சிலர்க்குச் சிறு ஊதியமும் அளிக்கப்பட்டது. மிகச் சிலரே ஆட்சிக்குழுவில் அமர்ந்தனர். விழாவிற்கு வந்தவரே பின்னர் வகுப்பிற்கும், வகுப்பிற்கு வந்தவரே பின்னர்க் குழுவிற்கும் வரத் துணிவர். முதற்படியே இல்லாமல் மூன்றாம் படியில் ஏறச் சொல்லுதல் தகுமோ?

5. நம் நாட்டு நிலை

இந்தியாவில் 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமையவேண்டுமென விதிக்கின்றது. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராகவும், பாதியினர் பெண்டிராகவும் இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினர்க்கும் உரிய இடம் உண்டு. சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளிலும் பிற உதவிபெறும் பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை கூறும் அளவில் நிற்குமென்பது 2012-ஆம் ஆண்டின் திருத்தம். சட்டம் நாற்காலியை இட்டுவிட்டது; அதில் அமர்ந்தவள் அஞ்சாமற் பேசுதல் தலைவரின் பண்பைப் பொறுத்தது.

ஆதலின் நாளைய தலைமையாசிரியராகிய நம் மாணவர்க்கு நாம் வேண்டுவன நான்கு. கூலிவேலை முடிந்த மாலையிற் கூட்டம் கூட்டுக. குறைசொல்ல அழைக்குமுன், பிள்ளையின் நிறையொன்றைச் சொல்ல ஒருமுறை வீடு தேடிச் செல்க. கடிதம் வாசிக்கவியலாதார்க்கு வாய்மொழியாகச் செய்தி விடுக்க. பெற்றோர் கூறிய யோசனையுள் ஒன்றையேனும் விரைவில் நிறைவேற்றி, அஃது அவர் யோசனையென ஊரறியச் சொல்லுக.

ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பது பழமொழி. முதலில் நீட்டவேண்டிய கை எது எனின், கற்றவர் கையே என்போம். கூலியும் கூச்சமும் தடுக்க நிற்கும் தாய் தந்தையர் பள்ளிவாயிலைத் தாமே கடந்து வருதல் அரிது. அவரை எதிர்சென்று அழைத்து வருதல் தலைமையின் கடனாகும்.