கோடைப் பயணத்துக்கு முன் ஒரு டயர் பாடம்



பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடியதும் புனேயில் உள்ள நம்மவர்களில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுகிறோம். முன்பு ரயில் டிக்கெட்டுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்றவர்கள், இப்போது சொந்தக் காரிலேயே புறப்படுகிறார்கள். சதாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர், கிருஷ்ணகிரி வழியாகச் சென்னை சேர ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். எஞ்சின் ஆயில் பார்க்கிறோம், ஏ.சி. பார்க்கிறோம், வழிக்குப் புளியோதரை கட்டுகிறோம். டயரை மட்டும் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டு ஏறிவிடுகிறோம். அவ்வளவு தூரமும் குடும்பம் முழுவதையும் சாலையோடு சேர்த்துப் பிடித்திருப்பது நான்கு டயர்களும் தரையைத் தொடும் இடம்தான். ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அளவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும், அவ்வளவே.

நான் பிம்ப்ரி-சிஞ்ச்வடில் வாகன உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் 32 வருடங்கள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டயர் வாங்கும் சமயத்தில் அக்கம்பக்கத்தார் என்னிடம் கேட்பது வழக்கம். 2025 மார்ச் மாதம் என் அக்கா மகன் வந்து கேட்டான். முதல் வேலை, கையில் ஒரு பழைய கார். சிறிய கார்தான், ஆனால் டர்போ எஞ்சின் உள்ள வேகமான வண்டி. ஏப்ரலில் தன் அப்பா அம்மாவையும் பாட்டியையும் அதில் ஊருக்கு அழைத்துப் போக வேண்டும். நான்கு டயர்களும் தேய்ந்துவிட்டன. டயருக்கென்று அவன் ஒதுக்கிய பணம் 28,000 ரூபாய். "மாமா, நல்ல சம்மர் பெர்ஃபாமன்ஸ் டயர் மலிவாக எங்கே கிடைக்கும்?" என்றான். அவனுக்குச் சொன்னதையே நம் வாசகர்களுக்கும் பாடமாக எழுதுகிறேன்.

1. கோடை டயர் என்பது என்ன?

இது குளிர் நாடுகளில் பிறந்த பெயர். ஐரோப்பாவில் வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். ஆகவே பனிக்காலத்துக்கு மென்மையான ரப்பரில், நுண்ணிய வெட்டுகள் நிறைந்த டயரைத் தனியாக மாட்டுவார்கள். பனி போனதும் மாட்டுவது கோடை டயர். நம் சமவெளிகளில் அந்த வித்தியாசத்துக்கே வேலை இல்லை. நம் கடைகளில் காருக்கு விற்கும் டயர்கள் பெரும்பாலும் கோடை டயர் இனத்தைச் சேர்ந்தவையே.

பெர்ஃபாமன்ஸ் டயர் என்பது அதிலேயே ஒரு வகை. வளைவில் நெளியாமல் இருக்க ஓரக் கட்டைகள் அகலமாகவும் திடமாகவும் இருக்கும். தரையைக் கவ்வும்படி ரப்பர் சற்று மென்மையாக இருக்கும். அதனால் சீக்கிரம் தேயும். நம் ஊர் நிலைமைக்கு இன்னொன்றும் வேண்டும். ஏப்ரலில் வாங்கும் டயர் ஜூன் மழையிலும் ஓடியாக வேண்டும். எனவே டயரைச் சுற்றி ஓடும் நீளப் பள்ளங்கள் அகலமாகவும் ஆழமாகவும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் வெளியேறுகிறது. வெளியேற வழி இல்லாவிட்டால் டயர் நீரின் மேல் மிதக்கும். அப்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் கேட்காது.

2. பக்கவாட்டு எழுத்தைப் படிப்போம்

மருமகனின் காரில் இருந்த எழுத்து: 195/55 ஆர் 16 87 வி. இதைப் பிரித்துப் பார்ப்போம்.

195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் 55 சதவீதம், அதாவது சுமார் 107 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 87 என்பது சுமை எண். அட்டவணைப்படி ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்று பொருள். 91 என்றால் 615 கிலோ. கடைசி எழுத்து வேக வரம்பு. டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், எச் 210, வி 240, டபிள்யூ 270.

"நாம் 240-இல் போகவா போகிறோம்? டி போதுமே" என்று சிலர் கேட்பார்கள். இந்த எழுத்து வெறும் வேகத்தைச் சொல்வது அல்ல, சூட்டைத் தாங்கும் சக்தியையும் சொல்கிறது. மே மாத வெயிலில் காய்ந்த சாலை, முழுப் பாரம், மூன்று மணி நேரம் நிறுத்தாத ஓட்டம் என்று வரும்போது அந்தத் தாங்கும் சக்தி பயன்படும். கார் செய்தவர் குறித்த சுமை எண்ணுக்கும் வேக எழுத்துக்கும் கீழே இறங்கவே கூடாது. அவை ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டிய சீட்டில் இருக்கும். கார்க் கையேட்டிலும் இருக்கும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். அதோடு, 2022-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி புது டயர்களுக்கு ஈரச் சாலையில் பிடிப்பு, உருளும்போது ஏற்படும் தடை, ஓசை ஆகிய மூன்றுக்கும் வரம்புகள் உண்டு. ஆகவே முறையாக விற்கப்படும் நடுத்தர விலை டயரும் ஈரப் பிடிப்பில் ஒரு பரீட்சை எழுதித் தேறி வந்ததுதான்.

3. பிறந்த தேதி

டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1424 என்றால் 2024-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம், அதாவது ஏப்ரல் முதல் வாரம். சில டயர்களில் இது ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருக்கும். தெரியாவிட்டால் மறுபக்கமும் பாருங்கள்.

மருமகனுக்கு ஒரு கடையில் புகழ்பெற்ற வெளிநாட்டு டயரைப் பெரும் தள்ளுபடியில் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்று 6,000 ரூபாய். புத்தம் புதியது, ஒரு கிலோமீட்டர் கூட ஓடாதது. அவன் எடுத்து வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம்: 3819. 2019 செப்டம்பரில் பிறந்த டயர்! ஐந்தரை வயது. ஓடாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். காற்றும் வெப்பமும் அதை இறுக்கும், நுண்ணிய வெடிப்புகள் வரும். ஐந்து வருடத்துக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து வருடத்தில் மாற்றிவிட வேண்டும் என்பது பல டயர் கம்பெனிகள் சொல்லும் விதி. அந்தப் பத்தில் பாதிக்கு மேல் கடை அலமாரியிலேயே கழிந்துவிட்டது. நான் ஒரு வருடத்துக்கு உட்பட்ட டயரைத்தான் வாங்குவேன்.

சாலையோரத்தில் விற்கும் பழைய டயர்களில் இன்னொரு ஆபத்து உண்டு. மொட்டை டயரில் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டிக் கறுப்புச் சாயம் பூசி விற்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உள்ளே கம்பி வலைக்கும் சாலைக்கும் இடையில் ரப்பரே இருக்காது. இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

4. அகலமாகப் போடலாமா?

வேகமான கார் வைத்திருக்கும் பிள்ளைகளின் ஆசை இது. செய்யலாம், ஆனால் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும். டயரின் மொத்த விட்டம் பழையதிலிருந்து அதிகம் மாறக் கூடாது. மாறினால் ஸ்பீடாமீட்டர் தப்பாகக் காட்டும், டயர் மட்கார்டில் உரசவும் கூடும்.

195/55 ஆர் 16: பக்கச் சுவர் 107.25, மேலும் கீழுமாக 214.5. ரிம் 16 அங்குலம், 406.4. மொத்தம் 620.9 மில்லிமீட்டர்.

205/55 ஆர் 16: இதே கணக்கில் 631.9. இது 1.8 சதவீதம் பெரிது.

205/45 ஆர் 17: 616.3. இது 0.7 சதவீதம் சிறிது.

மூன்றாவது அளவு கணக்கில் மிகவும் பொருந்துகிறது. ஆனால் பக்கச் சுவர் 107-லிருந்து 92 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது. நம் சாலைப் பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள ரப்பர் குறைவு. டயரின் பக்கம் வீங்கும், ரிம் வளையும். மேலும் புது ரிம்முக்கு வேறு பணம் வேண்டும். பின்னிருக்கையில் பாட்டி உட்கார்ந்து வரும் காருக்குப் பழைய அளவே உத்தமம் என்றேன்.

5. மலிவு என்பதைக் கணக்கிடும் முறை

கடை விலையைப் பார்க்காமல், கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஓர் உதாரணத்துக்கு, வெளிநாட்டு மென்ரப்பர் டயர் ஒன்று 9,500 ரூபாய், 35,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கு 38,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 9 காசு. உள்நாட்டு டயர் 6,400 ரூபாய், 40,000 கிலோமீட்டர் என்றால் நான்குக்கு 25,600 ரூபாய். கிலோமீட்டருக்கு 64 காசு.

அதிக விலைக்கு ஒன்றும் கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். நல்ல பெர்ஃபாமன்ஸ் டயர் வளைவில் இன்னும் உறுதியாக நிற்கும், ஈரத்தில் சற்று முன்னதாக நிற்கும். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ஒரு பந்தயப் பாதை இருக்கிறது. அங்கே போய் ஓட்டுகிறவனுக்கு அந்தப் பிடிப்பு கட்டாயம் தேவை. பொதுச் சாலையில் குடும்பத்தோடு போகிறவனுக்கு, புதிதாகப் பிறந்த, சரியான அளவுள்ள, சரியாகக் காற்றடித்த நடுத்தர விலை டயர் போதும்.

சில டயர்களில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். அது அமெரிக்கத் தர முறை. 200 என்றால் மென்மை, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. 400 என்றால் நேர்மாறு. அந்த எண்ணைக் கம்பெனியே தன் சோதனையின்படி போடுகிறது. ஆகவே ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பக்கத்தில் டிராக்‌ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி என்ற தரம் இருக்கும். அது ஈரத் தரையில் நேராக நிற்கும் திறன். மழை நாட்டவர்கள் அதை முதலில் பார்க்க வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் புது டயர்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. விலை கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

உள்நாட்டு டயர் என்றால் இளக்காரமாக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கியதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. இன்று அரக்கோணம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று நம் பக்கமே டயர் ஆலைகள் நிறைந்திருக்கின்றன. புனேயில் நீங்கள் மாட்டும் டயர் உங்களுக்கு முன்பே அந்தப் பக்கத்திலிருந்து வந்ததாக இருக்கலாம்.

6. மாட்டும்போதும் மாட்டிய பிறகும்

டயரில் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசை. இன்சைட், அவுட்சைட் என்று எழுதியிருந்தால் அதன்படியே மாட்ட வேண்டும். பாலன்சிங், அலைன்மென்ட், புது வால்வு மூன்றும் அவசியம். இரண்டு டயர் வாங்கத்தான் வசதி என்றால் புதியவற்றைப் பின்னால் மாட்டுங்கள். முன் சக்கரம் இழுக்கும் காரானாலும் அப்படித்தான். ஈரத்தில் முன் பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.

கோடையில் டயர் வெடிப்பதற்குப் பெரும் காரணம் காற்று குறைவாக இருப்பதுதான். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். அதில் பிறக்கும் சூடு உள்ளே உள்ள அடுக்குகளைப் பிரித்துவிடும். "வெயில் காலம், காற்றைக் குறைத்து வையுங்கள்" என்று பெட்ரோல் பங்கில் சொன்னால் கேட்க வேண்டாம். காலையில் புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, கார்ச் சீட்டில் உள்ள அளவுக்கு அடியுங்கள். முழுப் பாரத்துக்கு அதில் தனி அளவு இருக்கும். வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் ஒரு பி.எஸ்.ஐ. கூடும். காலையில் 33 வைத்தது வழியில் 37, 38 காட்டுவது இயற்கை. சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதீர்கள். நைட்ரஜனுக்கு அலைய வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

ஓடும்போது வெடித்துவிட்டால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை இரு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டு, வேகம் அடங்கிய பின் ஓரம் கட்டுங்கள்.

மருமகன் முடிவில் நான்கு மாதமே ஆன உள்நாட்டு டயர்களை, அதே அளவில், வி எழுத்துடன் 25,600 ரூபாய்க்கு வாங்கினான். மீதியில் அலைன்மென்ட், பாலன்சிங், வால்வு முடிந்து ஒரு காற்று மீட்டரும் வாங்க முடிந்தது.

வீட்டுப் பாடம்

இன்று மாலை பிள்ளைகளோடு கீழே இறங்கிப் போய் ஒரு தாளில் எழுதுங்கள்: டயர் அளவு, சுமை எண், வேக எழுத்து, பிறந்த வாரமும் வருடமும். ஸ்டெப்னியையும் விடாதீர்கள்; பல வீடுகளில் அதுதான் மூத்த டயர். பிறகு டி.டபிள்யூ.ஐ. என்ற குறிக்கு நேராகப் பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேட்டைத் தேடச் சொல்லுங்கள். ரப்பர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்திருந்தால் பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். அது சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு. அந்த டயரோடு ஊருக்குப் புறப்பட வேண்டாம். தாளைக் காரிலேயே வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.